மாப்பிள்ளைச் சில்லும் மலைச் சில்லும்

ஜூன் மாதம் பிறந்து இங்கே குளிர்காலம் தொடங்கினால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஓய்வு பெற்றவன் நான்தான். மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கம் ஒரு ரயர் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு, முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று சொன்ன பிறகு வீட்டோடு இருக்கிறேன். ஆனால் கிரான்பர்னில் இருக்கும் எங்கள் சனத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பள்ளி விடுமுறைக்குப் பனி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும், காரில் சாமான் ஏற்றி முடித்த பிறகு, கடைசி வேலையாக எனக்கு அழைப்பார்கள்.

“அங்கிள், நாளைக்குக் காலமை மலைக்குப் போறம். எங்கட ரயர் பனிக்குக் காணுமோ?”

என்ன ரயர் என்று கேட்டால் தெரியாது. “கறுப்பு ரயர்” என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே சொன்னார். பக்கவாட்டில் இருக்கும் எழுத்தை ஒருக்கால் போய் வாசியுங்கோ என்றால், வெளியில் குளிராம், பிறகு பார்த்துச் சொல்கிறாராம். வீட்டு வாசலில் நிற்கும் காருக்குப் போகவே குளிர்கிற மனிதர் பனிமலை ஏறப் புறப்படுகிறார்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் போன கிழமை வந்து, மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார். இப்போது எல்லோரும் ரயரையும் அது ஏறுகிற சில்லையும் இணையத்தில் படம் பார்த்து வாங்குகிறார்கள், உங்கள் காலத்து அனுபவத்தை எழுதுங்கள் என்றார். இணையத்தில் வாங்குவதில் எனக்குக் கோபம் இல்லை. வாங்கி, வீட்டுக்கு வந்து, காருக்குப் பொருந்தவில்லை என்றதும் எனக்கு அழைக்கிறார்களே, அதில்தான் கோபம். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். இனிமையான கட்டுரை தேடுபவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கொஞ்சக் காலம் காளான் பண்ணை, பிறகு இந்தக் கடை. முதல் வருடம் கூட்டினேன், தூக்கினேன், தூக்கியதைச் சொன்ன இடத்தில் வைத்தேன். பிறகு ரயர் கழற்றவும் பூட்டவும் பழகினேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பு நோவு அப்போதே தொடங்கிவிட்டது.

கடை முதலாளி கொஸ்தா, கிரேக்க மனிதர். சத்தம் போடமாட்டார். அதுதான் வில்லங்கம். சத்தம் போடுகிற முதலாளியிடம் எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரியும். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினால், கடையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் எங்கே பிழைவிட்டோம் என்று தேடத் தொடங்குவோம். கண்ணாடியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் பேசுவார். அதற்குள் பாதிப் பேர் பிழையை ஒப்புக்கொண்டு விடுவார்கள்.

பனிக்கு ரயர் வேண்டும் என்று யார் வந்தாலும் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் விலை சொல்லமாட்டார். மலைக்கு வருடத்தில் ஒருநாள் போகிறவரா, குளிர்காலம் முழுக்க ஏறி இறங்குகிறவரா என்று கேட்பார். ஒருநாள்காரர் என்றால், நல்ல ரயரும் காருக்குப் பொருந்திய பனிச் சங்கிலியும் போதும் என்று அனுப்பிவிடுவார். தினமும் ஏறுகிறவர் என்றால்தான் பனி ரயர் பேச்சே. குளிர் ஏழு பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும். பனி ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் மெதுமையாக இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். அந்தப் படம் இல்லாவிட்டால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் அது பனி ரயர் இல்லை. போட்டால் நான்கும் போட வேண்டும். முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால், முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகும்.

சில்லு விடயத்தில்தான் எங்கள் ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். பனிக்குச் சின்ன சில்லும் ஒடுங்கிய ரயரும்தான் நல்லது. ஒடுங்கிய ரயர் பனியைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். சில்லு சின்னதானால் ரயரின் பக்கம் உயரமாக இருக்கும், கல்லில் குழியில் அடிபட்டாலும் தாங்கும். சங்கிலி போடவும் உள்ளுக்கு இடம் கிடைக்கும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஓம் அங்கிள், ஆனா பெரிய சில்லு எண்டால் வடிவாயிருக்குமெல்லே” என்பார்கள்.

சங்கிலிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் பனிச் சங்கிலியைப் பிரியாணி சமைக்கும் பெரிய கிடாரம் மாதிரிப் பாவிக்கிறார்கள். ஊரில் ஒருவர் வாங்கினால் போதும், வருடம் முழுக்க வீடு வீடாகப் போய் வரும். கிரான்பர்னில் மல்லிகா அக்கா வீட்டில் ஒரு சங்கிலி இருந்தது. அவருடைய சின்னக் காருக்கு வாங்கியது. அதை ஏழு பேர் ஏறும் காருக்கும் கொண்டு போனார்கள், வான் வண்டிக்கும் கொண்டு போனார்கள். செருப்பு மாதிரி அதற்கும் அளவு உண்டு என்று நான் அக்காவின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

“போன வருசம் ராசன் ஆக்கள் கொண்டு போனவை. ஒரு குறையும் சொல்லேல்லையே” என்றார் அக்கா.

“அவை பெட்டியைத் திறக்கவே இல்லை அக்கா.”

“அப்ப பிறகென்ன? நல்ல சங்கிலிதானே.”

தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இனி தர்சனின் கதை, நான் கடையில் இருந்த காலத்தில் நடந்தது. இதைத்தான் நான் எழுத நினைத்தேன்.

தர்சன் சமையல் படிக்க மாணவனாக வந்து, தற்காலிக விசாவில் இருந்த பொடியன். மலை உச்சியில் ஒரு விடுதியில் காலைச் சாப்பாடு சமைக்கும் வேலை கிடைத்திருந்தது. இந்தக் குளிர்காலம் ஒழுங்காக வேலை செய்து காட்டினால், நிரந்தர விசாவுக்குத் தானே பொறுப்பு நின்று விண்ணப்பிக்கிறேன் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். அடிவாரத்து ஊரில் அறை எடுத்து, விடிய முதல் மலை ஏற வேண்டும். விடுமுறை நாட்களில் கிரான்பர்னுக்கு மச்சான் நிமலன் வீட்டுக்கு வருவான்.

அவனுக்கு அந்த வேலை ஏன் உயிர் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கிளேட்டனில் வேலை செய்யும் ஆரணி என்ற பிள்ளையை அவன் விரும்பினான். அந்தப் பிள்ளை இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவள். அவளைக் கட்டினால் அந்த வழியிலேயே விசா கிடைக்குமே, பிறகு ஏன் இந்தக் குளிருக்குள் மலை ஏறுகிறாய் என்று நானே ஒருநாள் கேட்டேன்.

“விசாவுக்காகக் கட்டினவன் எண்டு ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது அங்கிள். முதல் என்ர காலில நிண்டு விசா எடுக்கவேணும். பிறகுதான் கலியாணம்.”

அவனிடம் இருந்தது நிமலன் கொடுத்த பழைய கார். அதில் நிமலன் ஆசைப்பட்டுப் போட்ட பெரிய அலோய் சில்லு, அதே கொம்பனியின் விலை கூடிய காரில் இருந்து கழற்றியது. கண்ணாடி மாதிரி மினுங்கும். ரயர் நாடா மாதிரி மெல்லிசு. பனி ரயர் கேட்டு இரண்டு பேரும் அதைக் கடைக்குக் கொண்டு வந்தபோது கொஸ்தா பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு எல்லாம் அவருடைய முறைப்படி நடந்தது. பழைய கார் உடைக்கும் இடத்தில் இருந்து நான்கு கறுப்பு ஸ்டீல் சில்லு எடுப்பித்தார். ரயர் போடாமல் வெறும் சில்லை முதலில் காரில் பூட்டி, கையால் சுற்றவிட்டு, பிரேக்கில் எங்கேயும் உரசுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பனி ரயரைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லி, ரயருக்கும் உள்பக்க இரும்புக்கும் இடையில் விரலைவிட்டுப் பார்த்தார். மற்றப் பக்கமும் அப்படியே. விரல் போகாத இடத்தில் சங்கிலி போகாது என்பது அவர் சட்டம். பனி ரயர் போட்டாலும் மலையில் சங்கிலி காரில் இருக்கத்தான் வேண்டும். புதுச் சங்கிலியைத் தர்சன் கையில் கொடுத்து, கையுறையோடு அவனே போட்டுக் கழற்றும்வரை கடையைவிட்டுப் போக விடவில்லை. நானோ நிமலனோ தொட்டால் கண்ணாடி கழன்றுவிடும் என்று தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

தர்சனின் முகம்தான் விழுந்து போனது. “அங்கிள், இதுக்கு ஒரு மூடியாவது போடேலாதோ? கறுப்பாய்க் கிடக்கு” என்று என் காதில் கேட்டான். நிமலன் பக்கத்தில் நின்று சிரித்தான். “டேய், கார் செருப்பில்லாமல் நிக்கிற மாதிரி இருக்கடா” என்றான். நான் அவனை முறைத்தேன்.

கடைசியாக நட்டு. அலோய் சில்லோடு வந்த நட்டுக்கு அடியில் தட்டையான வெள்ளி வளையம் இருந்தது. ஸ்டீல் சில்லின் ஓட்டையோ கிண்ணம் மாதிரிக் குழிந்தது. அதற்குக் கூம்பு நுனி உள்ள நட்டுத்தான் இறங்கி இருக்கும். மாற்றிப் போட்டாலும் இறுகும். கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓடக் கழன்று வரும். அதற்காகக் கொஸ்தா கூம்பு நட்டுகளிலும் கறுப்புச் சில்லுகளிலும் மஞ்சள் பூச்சில் ஒவ்வொரு பொட்டு வைத்தார். மஞ்சளுக்கு மஞ்சள். இதைவிட என்னத்தைச் செய்வது? நான் தமிழில் வேறு நிமலனுக்கும் தர்சனுக்கும் சொன்னேன். இரண்டு பேரும் “ஓம் ஓம்” என்றார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு தரம் ஓம் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

குளிர்காலம் பாதி போனது. ரயர் நன்றாக இருந்தது. வேலைக்குத் தர்சன் ஒரே ஒரு முறைதான் பிந்தினான், அதுவும் முதல் கிழமை வழியில் சங்கிலி போட நின்ற அன்று. விடுதிக்காரர் இனிமேல் பிந்தினால் வரவே தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவன் பிந்தவில்லை.

அப்போதுதான் ஆரணியின் தாயும் தகப்பனும் சிட்னியில் டூங்கபியில் இருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். நிமலன் வீட்டில் பலகாரம், வடை, எல்லாம் தடல்புடல். பெண் வீட்டார் வரும்போது வாசலில் கார் கறுப்புச் சில்லோடு நிற்கலாமா? அதற்கு முதல்நாள் மச்சான்மார் இரண்டு பேரும் கராஜுக்குள் புகுந்து மலைச் சில்லைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளைச் சில்லைப் பூட்டினார்கள். தகப்பன் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, “தம்பி காரை நல்ல வடிவாய் வைச்சிருக்கிறார்” என்றாராம். அவர்கள் போனதும், மலைக்குத் திரும்ப நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாகச் சில்லை மாற்றியிருக்கிறார்கள். கையில் அப்போதுதான் கழற்றிய நட்டு இருந்தது. அதையே போட்டு இறுக்கிவிட்டார்கள். மஞ்சள் பொட்டு நட்டெல்லாம் குசினியில் குளிரூட்டிக்கு மேல் ஒரு பிஸ்கட் பேணிக்குள் பத்திரமாக இருந்தது.

அடுத்த நாள் விடியும் நேரம் நான் கடையைத் திறந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். தர்சன் அழைத்தான். கார் ஓடும் சத்தத்தோடு சேர்ந்து அவன் குரல் வந்தது.

“அங்கிள், ஸ்டியரிங் நடுங்குது. இடப்பக்கம் டக் டக்கெண்டு சத்தம்.”

“ஓடிக்கொண்டோ கதைக்கிறாய்?”

“ஓம் அங்கிள், ஸ்பீக்கரில. மலை பாதி ஏறீட்டன்.”

“சில்லு கழட்டினியோ?”

“ஓம். நேற்று மச்சானும் நானும் மாத்தினாங்கள்.”

“நட்டில மஞ்சள் இருந்ததோ?”

“வெள்ளி வளையம் இருந்தது.”

அது அலோய் சில்லின் நட்டு. “நிப்பாட்டு.”

“அங்கிள், நிப்பாட்டினால் வேலை போகும்.”

“ஓடினால் நீ போவாய். நிப்பாட்டடா!”

எஞ்சின் நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. காற்று இரைந்தது. அவன் இறங்கிப் போய்ப் பார்ப்பதைத் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

“அங்கிள், ரெண்டு நட்டு இல்லவே இல்லை. மற்றதுகளைக் கையால கழட்டலாம் போல இருக்கு.” முன்னுக்கு நடந்து பார்த்துவிட்டுச் சொன்னான். “அடுத்தது வளைவு. அதில தடுப்பும் இல்லை.”

அந்த விடியலில் அவனை ஏற்றிப்போக ஒரு வாகனமும் வரவில்லை. மிச்சத் தூரத்தை நடந்தே ஏறினான். போய்ச் சேரும்போது விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். விடுதிக்காரர் நடந்ததைக் கேட்டார், பாவம் என்றார், சம்பளம் வங்கிக்கு வரும் என்றார். வேலை போனது. விசாவும் அதோடு போனது.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நிமலனைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். “அண்ணை, நட்டு நட்டுத்தானே எண்டு நினைச்சிட்டம்” என்றான். மஞ்சள் பொட்டு எதற்கு வைத்தது என்று கேட்டேன். கோயிலில் கார்ப் பூசைக்கு வைக்கிற மாதிரி ஏதோ என்று நினைத்தானாம். கிரேக்க முதலாளி நட்டுக்குப் பூசை செய்கிறாராம்! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தொலைபேசியை வைத்தேன்.

கார் பார வண்டியில் கடைக்கு வந்தது. கொஸ்தா இடப்பக்க முன்சில்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வட்டமாக இருந்த ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வேறு ஸ்டீல் சில்லு எடுப்பித்து, நட்டு ஏறும் பழைய திருகாணிகளைத் தட்டி எடுத்துப் புதிது அடித்து, நட்டை இறுக்கம் காட்டும் அளவுச் சாவியால் தானே இறுக்கினார்.

காரை எடுக்கத் தர்சன் வரவில்லை. ஆரணி வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. கூடவே அவளுடைய தகப்பன். மனிதர் கறுப்புச் சில்லைச் சுற்றி வந்து சப்பாத்து நுனியால் ஒருக்கால் தட்டிப் பார்த்தார்.

“இதென்ன, அண்டைக்கு வேற சில்லெல்லோ இருந்தது?”

“அது மாப்பிள்ளை பாக்க வாற ஆக்களுக்கு” என்றேன். வாய் அடங்கவில்லை.

அவர் அதைக் கவனிக்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். “வேலையும் இல்லை, விசாவும் இல்லை. தன்னை மறக்கச் சொல்லி அந்தத் தம்பியே மெசேஜ் போட்டிட்டுது. அவருக்கு விளங்கினது உனக்கு விளங்கேல்ல. பிறகு ஏன் நாங்கள் இஞ்ச மினக்கெடுறம்?”

ஆரணி அவரைத் தாண்டி நடந்தாள். என்னிடம் வந்தாள். நிறுத்தச் சொன்னது நான்தான் என்று தர்சன் சொல்லியிருப்பான். வேலை போகக் காரணம் நீங்கள்தானே என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் திருப்பிக் கொடுக்கப் பதிலும் வைத்திருந்தேன்.

“அங்கிள், ஸ்டாப் பண்ணச் சொன்னது நீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை. நான்தான்.”

“ஜொப் போகும் எண்டு அவருக்குத் தெரியுமோ, அந்த நேரம்?”

“தெரியும். அதைத்தான் முதல் சொன்னவன்.”

“பிறகு?”

“பிறகு என்ன? நிப்பாட்டினான்.”

“ஆர்க்யூ பண்ணேல்லையா?”

“இல்லை. எஞ்சின் நிண்ட சத்தம்தான் கேட்டது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தகப்பனிடம் திரும்பினாள்.

“அப்பா, நீங்கள் கார் ஓடேக்க அம்மா எத்தனை தரம் நிப்பாட்டச் சொல்லியிருக்கிறா? ஒருக்காவது நிப்பாட்டியிருக்கிறீங்களா?”

மனிதர் கறுப்புச் சில்லைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் அவரைத்தான் கட்டுறன். அந்த மெசேஜுக்கும் நேர போய்த்தான் பதில் சொல்லப்போறன். விசாவுக்குக் கட்டினது எண்டு சொல்லுற ஆக்கள் சொல்லட்டும். அவையள் ஒருத்தரும் எங்கட காரில வரப்போறேல்ல.”

என் கையில் இருந்த கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள். தகப்பன் என்னைப் பார்த்தார், கொஸ்தாவைப் பார்த்தார். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.